நிரப்பாத கட்டம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மொழிபெயர்ப்புக் கருவிகள் இருந்தன. ஒன்று தமிழைச் சிங்களமாக்கும். மற்றது ஒரு கணினி மொழியில் எழுதிய நிரலை இன்னொரு கணினி மொழிக்கு மாற்றும். இரண்டையும் வைத்துக் கலாநிதிப் பட்டம் வாங்கப் போகிறேன் என்று கொழும்பில் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முதற் கருவியைக் கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் கிளினிக்கில் பரீட்சித்துப் பார்த்தோம். நோயாளி தமிழில் படிவத்தை நிரப்புவார். டொக்டர் அதைச் சிங்களத்தில் வாசிப்பார். எப்படித் தட்டுவது என்று நோயாளிகளுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். இரண்டாவது கிழமை, ஜெகதீஸ்வரி என்ற ஐம்பத்தெட்டு வயதுப் பெண் பென்சிலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழுந்தார்.

'பென்சிலினால் உங்களுக்கு எப்போதாவது ஒவ்வாமை ஏற்பட்டதா?' என்பது படிவத்தின் மூன்றாவது கேள்வி. டொக்டரின் திரையில் அதற்கான கட்டம் வெறுமையாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நோயாளி நிரப்ப மறந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிறகு மனம் கேட்காமல், அவர் தட்டிய மூலப் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்தக் கட்டத்தில் ஒரேயொரு சொல் இருந்தது: ஓம்.

மூன்று வருடங்களுக்கு முன் இணையத்திலிருந்து தமிழ் வாக்கியங்களை அள்ளியபோது மந்திரங்களும் சேர்ந்து வந்து குவிந்தன. அவற்றைக் கழிக்க நிரலில் ஒரு வரி எழுதினேன்: 'ஓம்' வந்தால் நீக்கு. நாளுக்கு நூறு தரம் ஓம், ஓம் என்று தலையாட்டுகிறவள் நான். 'ஆம்' என்பதற்கு எங்கள் வாயில் வரும் சொல் அதுதான் என்பது எனக்கே தோன்றவில்லை. கிளினிக்கில் நோயாளிகள் தட்டுவதும் அதே நிரல் வழியாகத்தான் போனது. அதற்கு முன் அந்த நிரலை எங்கள் இரண்டாவது கருவி புதிய கணினி மொழிக்கு மாற்றியிருந்தது. சோதனைகள் எல்லாம் சரி. என் பிழையையும் கொஞ்சமும் பிசகாமல் மாற்றித் தந்திருந்தது. அந்தக் கருவியைப் புகழ்ந்து ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன்.

மூலப் பதிவை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. சொன்னால் ஆய்வு நின்றுவிடும், பட்டமும் அதோடு போகும். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெகதீஸ்வரி கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். மகன் மிதுஷன் அவருடைய உடுப்புகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மாவை இனித் தனிய விடேலாது, மிஸ்," என்றார் மிதுஷன். "ஒரு கட்டத்தை நிரப்பக்கூட மறந்திட்டா. வெள்ளவத்தை வீட்டை விட்டிட்டு என்னோட கல்கிசைக்குக் கூட்டிக்கொண்டு போறன். லைப்ரரி வேலையையும் விடச் சொல்லிட்டன்."

ஜெகதீஸ்வரி என் கையைப் பிடித்து, மகனுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பிள்ளை, நீங்கள்தானே அந்த மெஷினைச் செய்தனீங்கள். நான் எழுதின மாதிரித்தான் எனக்கு ஞாபகம். எழுதினனான்தானே? இல்லாட்டி எனக்கு மூளை பிசகிட்டுதோ?"

பஸ்ஸில் வரும்போது தரவு, நிரல், மந்திரம் என்று நீளமாக ஒரு விளக்கம் யோசித்து வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டேன். மிதுஷனுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"ஓம், அன்ரி. நீங்கள் எழுதினனீங்கள். அழிச்சது நான்."