பத்தொன்பதாம் குழிக் காப்பு

சட்டையின் இடது கை அப்பாவின் முழங்கையைத் தாண்ட மாட்டேன் என்றது. வெல்கா விறைத்த கையைத் தூக்கிப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"முதுகுப் பக்கம் வெட்டிடுடி, சுலபமா போயிடும்," என்றாள் வெனெரான்டா அத்தை. "மண்ணுக்குள்ள போனப்புறம் யாரு திருப்பிப் பாக்கப் போறா?"

யார் பார்ப்பார்கள் என்று வெல்காவுக்கு நன்றாகத் தெரியும். அவளைப் போன்றவர்கள்தான் பார்ப்பார்கள். ஆயிரம் வருஷத்துக் கல்லறைகளைத் தோண்டி, செத்தவர்களோடு என்ன கிடக்கிறது என்று பார்த்து, அவர்கள் யார் என்று எழுதுவதுதான் அவள் பிழைப்பு.

அத்தை குளிப்பாட்டிய தண்ணீரைக் கொட்ட வெளியே போனதும், வெல்கா பையிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு வெண்கலக் காப்பு. இரண்டு விரல்கூட நுழையாது.

ஊர் மேட்டில் அகழாய்வு நடந்தபோது அவள் தலைநகர் ரீகாவில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்; பயிற்சிக்காக அங்கே வந்திருந்தாள். அப்பா டொனாட்ஸ் அதே இடத்தில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தார். பத்தொன்பதாம் குழியில் இருந்தது ஒரு கைக்குழந்தை. எலும்பெல்லாம் கரைந்துபோய்க் காப்பு மட்டும் பச்சையாக மிஞ்சியிருந்தது. துடைக்கத்தான் எடுத்தாள். திருப்பி வைக்க மனசு வரவில்லை. வேறு காரணம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மறுநாள் அகழாய்வுத் தலைவர் ஹரால்ட்ஸ் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். அகப்பட்டிருந்தால் அவள் படிப்பு அதோடு போயிருக்கும். அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். "நான்தாங்க எடுத்தேன். குடிபோதையில ஆத்துல விட்டுட்டேன்."

அப்பா குடித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதற்கப்புறமும் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த ஊரில் செத்தவருக்குக் குழி வெட்டுவது சொந்தக்காரர்கள் இல்லை, அக்கம்பக்கத்தார்தான். நல்ல மனுஷன் என்று நினைத்தால்தான் கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் முப்பத்தேழு வருஷத்தில் எத்தனையோ சாவு விழுந்தது. பிணத்திடம் திருடியவன் என்று டொனாட்ஸை ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. யார் வீட்டிலாவது சாவு என்றால் அவர் மண்வெட்டியைத் துடைத்து வாசலில் சாத்திவைப்பார், சாயங்காலம் உள்ளே எடுத்துவைப்பார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வெல்கா அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ரயிலேறிப் போயிருக்கிறாள்.

காப்பை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. என்றைக்காவது யாராவது தோண்டினால், காப்பு இவர் கையில் இருக்கும். இவர்தான் எடுத்தார் என்று எழுதுவார்கள். அவளே அப்படித்தான் எழுதுவாள். செத்தவர் கையில்கூடத் தன் திருட்டைத் திணிக்கப் பார்த்தோமே என்று உடம்பு கூசியது. விரல்களைப் பிரித்துக் காப்பை எடுத்துக்கொண்டாள்.

மயானத்தில் ஆளுக்கு மூன்று பிடி மணல் போட்டார்கள். குழி வெட்டிய நான்கு பேரும் கடமைக்கு வந்தவர்களாகத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓரமாக நின்றார்கள். ஹரால்ட்ஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வயது எண்பத்துநாலு.

"உங்கப்பா நல்ல மனுஷன்தாம்மா," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்த ஒரு விஷயத்த நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் மண்ணோடு மூடிவிடும். வெல்கா கையை நீட்டி விரித்தாள்.

ஹரால்ட்ஸ் காப்பை உற்றுப் பார்த்தார். "அப்ப ஆத்துல போடலியா அவரு? உங்கிட்டதான் குடுத்தாரா?"

இன்னொரு வழியும் திறந்துதான் கிடந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"அவரு எடுக்கவே இல்லைங்க. நான்தான் எடுத்தேன்."

"அடிப்பாவி," என்றாள் அத்தை.

"டொனாட்ஸுக்குத் தெரியுமா?" என்றார் ஹரால்ட்ஸ்.

"எடுத்த அன்னிக்கு சாயங்காலமே என் பையில பாத்துட்டாரு. 'சின்னப் புள்ளையோடது, பத்திரமா வெச்சுக்கோ'ன்னு மட்டும் சொன்னாரு."

ஹரால்ட்ஸ் காப்பைத் தொடவில்லை. வெல்கா நீட்டிய கையை மடக்கவில்லை. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

குழி வெட்டிய நால்வரில் மூத்தவர் மண்வெட்டியை மணலில் குத்திவைத்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு குழியருகே போய் நின்றார். பின்னாலேயே மற்ற மூவரும் கழற்றினார்கள்.