ஓரகத்தியின் உடற்பயிற்சி

விடியற்காலையில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. கிரீச். அப்புறம் டொக். கொஞ்சம் அமைதி. மறுபடி கிரீச், டொக்.

ரேணுகாதேவி பாயில் படுத்தபடியே சுவரைப் பார்த்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் வீடு. அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் வெற்றிவேலின் வீடு. மாமனார் காலத்தில் ஒரே வீடாக இருந்ததை அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி என்று பிரித்து நடுவில் எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர் அது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ‘நூறு’ என்பார்கள்.

“மிசினு வாங்கிக்கினா போல கீது,” என்றாள் பக்கத்தில் படுத்திருந்த கணவனிடம்.

தனசேகரன் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கும் கீழே திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டுகிறவர். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“யாரு? இன்னா மிசினு?”

“மஞ்சுளா தான். ஒடம்பு எளைக்கிற மிசினு. உன் தம்பி கீழ போனப்ப வாங்கியாந்திருக்கும்.”

“என் ஜீப்புல தான் வந்தான். கைல மிக்சர் பொட்டலம் இருந்துது. மிசினு ஒண்ணும் இல்ல. தூங்கு.”

தூக்கம் எங்கே வரும்? ஓரகத்தி மஞ்சுளா இளைத்துவிட்டாள். போன தை மாதம்கூட ரேணுகாவைப் போலவே இருந்தவள்தான். இப்போது ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு குழாயடிக்கு வந்தால் வேறு யாரோ வருவது போலிருக்கிறது. கேட்டால், “ஒண்ணுமில்லிங்க அக்கா, சும்மா” என்று சிரிப்பாள். அந்தச் சும்மாவை ரேணுகா நம்பவில்லை.

வெறும் அழகைப் பற்றிய பேச்சாக இருந்தால் அவள் விட்டிருப்பாள். விஷயம் கும்மி.

அந்த ஊரில் ஆடி மாதத்து மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் விளக்கைச் சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். முன்னால் நிற்பவளுக்கு முதல் கை என்று பெயர். அடியை மாற்றுவதும் வேகத்தைக் கூட்டுவதும் அவள்தான். மூச்சு வாங்கியோ கால் ஓய்ந்தோ முதல் கை வெளியே போனால் பக்கத்தில் நிற்கும் இரண்டாம் கை முன்னுக்கு வந்துவிடுவாள். அதன் பிறகு அந்த இடம் அவளுடையது. ஆனால் இரண்டாம் கைக்கும் ஓர் உரிமை உண்டு. ஆட்டத்தின் நடுவே எந்த அடி வேண்டுமென்று அவள் கேட்கலாம். முதல் கை மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் கை ரேணுகாதான். போன வருஷம் பாதியிலேயே அவளுக்கு மூச்சு இரைத்தது. விளக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தபோது, அவள் நின்ற இடத்தில் மஞ்சுளா நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகவே தட்டினாள். அதுதான் பொறுக்க முடியவில்லை.

ரேணுகா ஒன்றும் முயற்சி செய்யாதவள் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்கள். அவளும் தினமும் ஏரிக்கரை வரை நடந்து, சோற்றைக் குறைத்து இளைத்தாள். பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நடை நின்றது. மழை விட்டதும் புளி வந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து புளியை உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை. பக்கத்தில் பொரி இருக்கும், பேச்சும் இருக்கும். போன எடை சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. விட்டதைத் திரும்பத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தொடங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த முறை வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தாள். ஏரிக்கரையில் நடந்தால் ஊரே பார்க்கும். மஞ்சுளாவும் பார்ப்பாள்.

ஊரில் டவர் வந்து வந்து போகும். படம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் வீடியோ வேண்டுமென்றால் எல்லோரும் புதூர்நாட்டில் பார்த்திபன் செல் கடைக்குப் போய் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ரேணுகாவும் போனாள்.

“ஒடம்பு எளைக்கறது. கஷ்டமானதா குடு,” என்றாள்.

“மொதல்ல சுளுவா ஒண்ணு ஆரம்பிங்க அண்ணி.”

“நான் கேட்டது இன்னா, நீ சொல்றது இன்னா?”

பார்த்திபன் ஏற்றிக் கொடுத்த முதல் பயிற்சியில் கருங்கல்லில் செதுக்கியது போல ஒரு பையன் வந்தான். குதி என்றான், விழு என்றான், எழுந்து மறுபடி குதி என்றான். ரேணுகா கதவைத் தாழிட்டுக்கொண்டு குதித்தாள். பரணில் வைத்திருந்த சாமை மூட்டையிலிருந்து உமி தலையில் கொட்டியது. கொல்லையில் கோழிகள் அலறிப் பறந்தன. மறுநாள் மாடிப்படி என்று ஒன்று இல்லாத அந்த ஊரில், வாசல்படி இறங்கவே அவளுக்குத் தனசேகரனின் தோள் தேவைப்பட்டது.

“இன்னா, மாடு முட்டிட்ச்சா?” என்றார் அவர்.

இரண்டாவதாக வந்த அம்மாள் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். குதிக்கச் சொல்லவில்லை. கையில் தூக்கத் தம்பிள்ஸ் வேண்டும், விரிப்பு வேண்டும், காலையில் பாதாம் பால் குடிக்க வேண்டும் என்றாள். ரேணுகா இரண்டு தண்ணீர் பாட்டிலில் மணலை அடைத்துத் தூக்கினாள். பாதாம் பாலுக்கு என்ன செய்வது? மூலையில் பழுத்து மணந்த பலாப்பழம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதைத் தின்றாள். முழுசாகத் தின்று முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கிரீச், டொக்.

அன்றைக்கே மறுபடி பார்த்திபன் கடைக்குப் போனாள்.

“எங்க மஞ்சுளாவும் உங்கிட்ட தான ஏத்தினா?”

“ஆமா, சின்ன அண்ணி அப்பவே வந்து ஏத்திக்கினாங்க.”

“அதையே எனக்கும் ஏத்து. ஒரே குடும்பம் தான, கேக்க மாட்டா.”

அவன் கொஞ்சம் யோசித்தான். ஒரே குடும்பம்தானே என்று ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள். கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் வந்தார். திரையில் எழுத்து வந்தது: மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு, நாற்காலியில் அமர்ந்தபடி எளிய பயிற்சிகள். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டார். கிரீச். அதில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி இறக்கினார். டொக்.

ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். இதுவா மிசினு? இந்த நொண்டிப் பயிற்சிக்கா அவள் இத்தனை நாள் தூக்கம் கெட்டாள்?

சிரிப்பு அடங்கியதும் இன்னொன்று உறைத்தது. மஞ்சுளாவுக்கு மூட்டு தேய்ந்திருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மூட்டுக்குச் சுமை குறையட்டும் என்று டாக்டர் யாராவது எடையைக் குறைக்கச் சொல்லியிருப்பார். கும்மியில் குந்தடி என்று ஓர் அடி உண்டு. குந்தி, கைதட்டி, எழுந்து, சுற்ற வேண்டும். போன வருஷம் அதை யாரும் கேட்கவில்லை. இந்த வருஷம் மஞ்சுளாவுக்குப் பக்கத்தில் இரண்டாம் கையாக நிற்கப்போவது ரேணுகா.

ஒரு வார்த்தை போதும். அந்த எண்ணம் வெல்லம் போல நாக்கில் கரைந்தது.

ஆனால் அதுவரை தனக்கு மூச்சு தாங்க வேண்டுமே. டாக்டர் சொன்னதை முழுதாகக் கேட்டாள். ரொம்ப நாள் விட்டுப் போனவர்கள் தங்களால் எவ்வளவு முடியும் என்று நினைக்கிறார்களோ அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள் என்றார். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவுக்குச் செய்தால் போதும் என்றார். நாளைக்கும் செய்ய முடிகிற மாதிரி இன்றைக்குச் செய்யுங்கள் என்றார். அவளிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. பழைய மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். வலிக்கவில்லை, அழுகை வரவில்லை. பொரியை மட்டும் அவளாகவே நிறுத்தினாள். சில வாரத்தில் புடவைக் கொசுவம் ஒன்று கூடுதலாக வந்தது. மஞ்சுளா செய்வதைத்தான் தானும் செய்கிறோம் என்பது மட்டும் முள்ளாக உறுத்தியது.

ஒருநாள் காலை இந்தப் பக்கம் கிரீச் என்றதும் அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோனது. ரேணுகாவும் காலை நீட்டியபடி நிறுத்தினாள். பிறகு அந்தப் பக்கம் மெதுவாக டொக் என்றது. இந்தப் பக்கமும் டொக்.

குழாயடியில் மஞ்சுளா குடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“உங்க வூட்ல காலைல இன்னாவோ சத்தம் கேக்குதுங்க அக்கா.”

“எலி.”

“பெரிய எலி போல.”

“உங்க வூட்டு எலி தான். சொவுத்துல ஓட்ட போட்டுக்கினு வந்துட்ச்சி.”

மஞ்சுளா சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கும்போது இடது முட்டியில் ஒரு கையை ஊன்றி எழுந்தாள். இத்தனை நாள் அது ரேணுகாவின் கண்ணில் படவே இல்லை. அவள் பின்னலையும் ரவிக்கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் கோயில் முன்னால் வட்டம் கூடியது. பாட்டெடுக்கும் ராணியம்மாள் தொண்டையைச் செருமினாள். மஞ்சுளா முதல் கை, ரேணுகா இரண்டாம் கை. மஞ்சுளா மாம்பழ மஞ்சளில் புதுப்புடவை கட்டியிருந்தாள். அந்த நிறம் அவளுக்குப் பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருக்கலாம்.

பாட்டு எழுந்தது. சுற்றினார்கள். ரேணுகாவுக்கு மூச்சு இரைக்கவில்லை. போன வருஷம் உட்கார்ந்த வேப்ப மரம் அவள் கண்முன் வந்து வந்து போனது. ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கடந்து போனாள், கால் ஓயவில்லை. அவளுக்கே அழுகை வரும் போலிருந்தது. “வேகம்” என்று கேட்டாள். மஞ்சுளா வேகம் கொடுத்தாள். கைகளும் வளையல்களும் ஒன்றாக விழுந்தன.

இனி அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி.

திரும்பும் இடத்தில் மஞ்சுளா அவளைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை. கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், கேள் என்கிற பார்வை. இடது காலைக் கொஞ்சம் தள்ளி வைத்து உடம்பை இறுக்கிக்கொண்டாள், குந்துவதற்குத் தயாராக. கேட்டால் அவள் குந்துவாள். எழ முடியாது. ஊர் முன்னால் கையை ஊன்றித்தான் எழுவாள்.

அப்புறம் நாளைக்குக் காலை? சுவருக்கு அந்தப் பக்கம் கிரீச் என்று கேட்கும்போது இந்தப் பக்கம் எப்படி உட்காருவது? அந்தச் சத்தமே வராமல் போனாலோ அதைவிட மோசம்.

“இன்னா ரேணுகா, ரெண்டாங் கை வாய மூடிக்கினு கீது?” ராணியம்மாள் பாட்டு இடைவெளியில் குரல் கொடுத்தாள். “குந்தடி கேளு. பாத்து எத்தினி நாளாச்சி.”

வட்டம் முழுக்க அவளையே பார்த்தது.

“எனக்கு முட்டி புடிச்சிக்கிச்சி சின்னம்மா,” என்றாள் ரேணுகா. “குந்தினா எழ முடியாது. அந்த அடி வேணாம்.”

“ஒடம்பு எளைச்சா கூடவே முட்டியும் போய்ட்ச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். ரேணுகாவின் காது சுட்டது. மஞ்சுளாவின் கை ஒரு தட்டைத் தவறவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு குந்தாமல் நின்று தட்டும் நேரடியே தொடர்ந்தது. கடைசி வரை இரண்டு பேருமே வெளியே போகவில்லை. அதனால் முதல் கை இன்னொரு வருஷத்துக்கு மஞ்சுளாவுக்கே போயிற்று. அம்மன் கழுத்து மாலையை அவளுக்குத்தான் போட்டார்கள். அது அந்த மஞ்சள் புடவை மேல் நன்றாகவே இருந்தது. ரேணுகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இப்ப சந்தோசமா?” என்று வழியில் கேட்டார் தனசேகரன். நல்லபடியாக ஆடினாள் என்பதற்காகத்தான் கேட்டார்.

“என்கிட்ட பேசாத,” என்றாள் அவள்.

மறுநாள் காலை அந்தப் பக்கம் சத்தம் இல்லை. ரேணுகா காத்திருந்தாள். வந்தது கதவு தட்டும் சத்தம். திறந்தால் மஞ்சுளா நின்றாள். இடுப்பில் பிள்ளையைத் தூக்குவது போல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வைத்திருந்தாள்.

“உங்க நாற்காலி கால் ஆடுதுங்க அக்கா. சத்தத்துலயே தெரியுது. உழுந்து கிழுந்து வைக்கப் போறீங்க. எனக்கு எங்க வூட்டு மர நாற்காலி கீது.”

“உங்கிட்ட கேட்டனா நானு?”

“கேக்கலதான். நேத்தும் கேக்கல.”

ரேணுகா கையை நீட்டி நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்தாள்.

“டாக்டரு இன்னா சொல்றாரு?” என்றாள் ரேணுகா.

“இன்னும் கொஞ்சம் எடை எறங்கினா வலி கொறையுமாம்.”

இன்னும் கொஞ்சமா? ரேணுகாவின் கண் தானாக அந்தத் தொளதொளத்த ரவிக்கைக்குப் போனது. நாற்காலியை வாங்கி உள்ளே வைத்தாள்.

“அடுத்த ஆடிக்குக் குந்தடி கேப்பேன். சொல்லிட்டேன்.”

“கேளுங்க. அதுக்குள்ள எனக்கு முட்டி சரியாய்டும்.”

மஞ்சுளா போய்க் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கிரீச் என்றது. ரேணுகா அவசர அவசரமாகப் புது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது சத்தமே போடவில்லை. காலை நீட்டி, அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே ஓங்கித் தரையில் வைத்தாள்.

டொக்.