பின்னால் வரத் தெரியாதவர்கள்

பேருந்துப் பணிமனையின் கால்பந்து அணி அந்த வருடம் எல்லா ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்கவில்லை. அன்று மழை கொட்டியதால் ஆட்டமே நடக்கவில்லை. ஆளுக்கு ஒரு புள்ளி என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். வானம் போட்ட அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டுதான் மேஸ்திரி இத்தனை நாள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி பகலில் தலைமை மெக்கானிக், மாலையில் அணியின் கோச். எந்த இன்ஜினும் ஒருமுறை இருமினால் போதும், அதன் ஏழு தலைமுறை வியாதியையும் சொல்லிவிடுவார். இந்தப் பதினொரு பேரை மட்டும் எங்கே தட்டினால் ஓடும் என்பது அவருக்குப் பிடிபடவேயில்லை.

வியாழக்கிழமை மேனேஜர் பட்டறைக்கே வந்தார். அவர் பட்டறைக்கு வந்தால் ஒன்று யாருக்கோ இடமாற்றம், இல்லையென்றால் யாருக்கோ இடமே இல்லை.

"மேஸ்திரி, புது பஸ் வருது. நிறுத்த இடமில்ல. உங்க கிரவுண்டுல தார் போட்டுடலாம்னு மேல கேக்குறாங்க."

"சார்..."

"நானும் எத்தன நாள்தான் முட்டு குடுக்குறது? ஞாயித்துக்கிழம தோத்தா நீங்க லீக்லயே இல்ல. லீக்ல இல்லாத டீமுக்கு கிரவுண்டு எதுக்கு?"

"டிரா பண்ணிட்டா?"

"பண்ணிட்டா இருப்பீங்க, நானும் பேசிப் பாப்பேன். ஆனா நீங்க டிரா பண்ணி யாரு பாத்திருக்கா?"

அந்த மைதானத்துப் புல்லில் பாதி மேஸ்திரி தன் கையால் நட்டது. மீதி தானாக முளைத்தது. அதையும் அவர் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டிருந்தார். அதன்மேல் தார் ஊற்றுவதை நினைத்தால் தன் நெஞ்சில் ஊற்றுவது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எதிரில் வரப்போவது துறைமுக அணி. பட்டியலில் முதலிடம். அவர்களின் ஃபார்வர்ட் ஒருமுறை அடித்த பந்து வலையைக் கிழித்து, சுவரைத் தாண்டி, அடுத்த தெருவில் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த டீயில் விழுந்தது என்று சொல்வார்கள். மேஸ்திரி அந்தக் கதையை நம்பவில்லை. அவர் விசாரித்துப் பார்த்ததில், பந்து டீயில் விழவில்லை, பக்கத்துத் தட்டில்தான் விழுந்திருந்தது.

பணிமேசையைத் துடைத்துவிட்டு நட்டும் போல்ட்டுமாகப் பரப்பினார். சக்கர நட்டுகள் டிஃபென்ஸ், சின்ன போல்ட்டுகள் ஃபார்வர்ட், ஒரு துருப்பிடித்த வாஷர் கோல்கீப்பர். நாலு பேரைப் பின்னால் வைத்தார். ஐந்து பேரை வைத்தார். ஆறு வைத்தார். எப்படி வைத்தாலும் வாஷரின் ஓட்டை வழியாக எதிராளி உள்ளே போய்க்கொண்டேயிருந்தான்.

வாஷர் என்பது அவர் மச்சினன். கல்யாணத்தோடு கூடவே வந்தவன். வண்டியில் கண்டக்டர். கோல் கம்பத்தில் பஸ் படிக்கட்டில் சாய்வது போலச் சாய்ந்து நிற்பான். பந்து வந்தால் ஒதுங்கி வழிவிடுவான்.

"ஏன்டா, கைய நீட்டினா எட்டுற தூரத்துலதானே போச்சு?" என்று கேட்டால், "உள்ள வர்றவங்கள தடுத்துப் பழக்கமில்ல மாமா. இடமிருக்கு, வரட்டும்னு விட்டுட்டேன்" என்பான்.

ஆனாலும் குற்றம் அவன் ஒருவன்மேல் மட்டும் இல்லை. டிஃபென்ஸில் நின்ற நாலு பேரும் மூத்த டிரைவர்கள். முன்னால் போகச் சொன்னால் புயலாய்ப் போவார்கள். பந்து தலைக்கு மேல் பின்னால் போனால், போன இடத்திலேயே நின்று கழுத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களில் பெரியவர், வெயிலோ மழையோ தொப்பியைக் கழற்றாததால் தொப்பி என்றே அழைக்கப்பட்டவர், இதற்கு ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மேஸ்திரி சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து, அதன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினார். பட்டறை வாசலில் ஒரு பஸ் உறுமிக்கொண்டே நின்றது. ஸ்டீயரிங்கில் தொப்பி. அரை மணியாக அங்கேயே நிற்கிறார்.

"என்னண்ணே, டீசல குடிச்சிட்டே நிக்குறீங்க? பின்னாடி எடுங்க."

"எடுக்கலாம். பின்னாடி கூப்பிட ஆள் வேணும்ல? வரலாம் சாப்பிடப் போயிருக்கான்."

வரலாம் என்பது ஆளின் பெயர். சொந்தப் பெயர் அவன் அம்மாவுக்கு நினைவிருக்கலாம். பஸ்ஸின் பின்னால் நின்று தகரத்தைத் தட்டி, "வரலாம், வரலாம், வரலாம்... போதும்!" என்று கூப்பிடுவதுதான் அவன் வேலை. ஒருமுறை அவன் கூப்பிட்ட கூப்பாட்டில், வெளியே சாலையில் போய்க்கொண்டிருந்த வேறு கம்பெனி பஸ் பயணிகளோடு பின்னாலேயே உள்ளே வந்து வரிசையில் நின்றுவிட்டது. இரண்டு பேர் இறங்கியும் போனார்கள்.

முன்பு எப்போதோ ஒரு டிரைவர் ஆள் இல்லாமல் பின்னால் எடுத்து, கேன்டீன் சுவரை இடித்து, சமையல்காரரோடு பின்சக்கரத்தை ஈரமாவில் நிறுத்தினார். அன்றிலிருந்து சட்டம்: ஆள் கூப்பிடாமல் பின்னால் எடுத்தால் வேலை போச்சு.

மேஸ்திரி தொப்பியைப் பார்த்தார். பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. கிரவுண்டுல ஏன் பின்னாடி வர மாட்டேங்குறீங்க?"

தொப்பி கொஞ்சம் வெட்கப்பட்டார். "மனசு போகுதுப்பா. காலு போக மாட்டேங்குது. பின்னாடி யாரும் கூப்பிடலியே."

மேஸ்திரி அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாகக் இன்ஜினைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிய பிறகு, டாங்கில் டீசலே இல்லை என்று கண்டுபிடித்தவனின் நிலை அவருக்கு.

வழி ஒன்றுதான் இருந்தது. கோலில் வரலாமை நிறுத்த வேண்டும். வரலாமுக்குப் பந்து என்றால் பயம். பலூனுக்கே கண்ணை மூடுபவன். பரவாயில்லை, வாய் திறந்திருந்தால் போதும். ஆனால் அவனை நிறுத்தினால் மச்சினனை உட்கார வைக்க வேண்டும். மச்சினனை உட்கார வைத்த வீட்டில் மாப்பிள்ளை எங்கே உட்காருவது?

வீட்டில் மெல்லப் பேச்செடுத்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கு இந்த வாரம் கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு..."

"அவன் எங்க வேல செஞ்சான், ஓய்வு குடுக்க?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ஏங்க, நான் சொன்னா அது வேற. நீங்க சொன்னா வேற." சட்டையை உதறினாள். "நாலு பேர் முன்னாடி அவன பெஞ்சுல உக்கார வச்சீங்க, அப்புறம் நீங்களும் அங்கயே இருந்துக்கங்க. படுக்க பெஞ்சு நல்லாத்தான் இருக்கும்."

மேஸ்திரி விடியும் வரை புரண்டார். ஒரு பக்கம் தார், மறு பக்கம் பெஞ்சு. கடைசியில் தாரைவிட பெஞ்சு மெத்தென்றிருக்கும் என்று முடிவுசெய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெயர்களைப் படித்ததும் மச்சினன் கிட்டே வந்தான். கையுறைகளைக் கழற்றி, மடித்து, மேஸ்திரியின் மடியில் வைத்தான். "நல்லா இருங்க மாமா" என்றான். அவன் வைதிருந்தால்கூட மேஸ்திரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விசில் ஊதியது. துறைமுகத்தான் பந்தோடு பாய்ந்து வந்தான். வரலாம் கண்ணை இறுக்கி மூடி, கோல் கம்பத்தைத் தட்டிக் குரல் கொடுத்தான்.

"வரலாம், வரலாம், வரலாம்!"

தொப்பி பின்னால் வந்தார். மற்ற மூன்று பேரும் வந்தார்கள். இடது கைப்பக்கம் பார்த்து, வலது கைப்பக்கம் பார்த்து, ஒருவர்மேல் ஒருவர் உரசாமல் வந்தார்கள். மேஸ்திரிக்குக் கண் கலங்கியது. அப்புறம் நடுவில் ஆடியவர்களும் வந்தார்கள். ஃபார்வர்டுகளும் வந்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு வராமல் இருக்க முடியுமா? அவர்களும் பணிமனைச் சம்பளம் வாங்குபவர்கள்தானே.

"போதும்!"

பத்துப் பேரும் கோல் கோட்டின்மேல் நின்றார்கள். ஆளுக்கும் ஆளுக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவு. வரலாம் அவர்களுக்குப் பின்னால் வலைக்குள் நின்றான். ரெஃப்ரி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கோல்கீப்பர் கோலுக்குள் நிற்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது கஷ்டம். துறைமுகம் அடித்தது, பந்து நெஞ்சில் பட்டுத் திரும்பியது. மறுபடி அடித்தது, தொடையில் பட்டுத் திரும்பியது. மேலாக வந்த பந்துகள் வரலாமின் சத்தத்தில் திசைமாறிப் போயின என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியெல்லாம் இல்லை. கொஞ்சம் காற்றும் அடித்தது.

பத்துப் பேரின் உடம்பும் கத்திரிக்காய் நிறமாகிக்கொண்டு வந்தது. மேஸ்திரி கையுறைகளைப் பிசைந்து பிசைந்து அவற்றின் தையலைப் பிரித்துவிட்டார். ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பும் அதிர்ந்தது. பார்க்க வந்திருந்த மேனேஜர் கைக்குட்டையைக் கடித்தபடி எழுந்து நின்றிருந்தார். ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

மச்சினனும் பெஞ்சை விட்டு எழுந்தான். மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. தன்னை உட்கார வைத்ததையே மறந்து, அவன் நிஜமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். தொப்பி இன்னொரு பந்தை வயிற்றில் வாங்கித் திருப்பியதும் அவனால் பொறுக்க முடியவில்லை. கண்டக்டருக்கு மனம் நிறைந்தால் வாயில் என்ன வரும்?

"போலாம் ரைட்!"

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள். குலுங்காமல், பதறாமல், மைதானத்தின் நடுவரை போய்விட்டார்கள். கோலில் வரலாம் மட்டும், கண்ணை மூடியபடி. துறைமுகத்தான் பந்தை அடிக்கக்கூட இல்லை. நடந்து போய், அவனைத் தொந்தரவு செய்யாமல், வலைக்குள் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான்.

கடைசி விசில்.

மேஸ்திரி அன்று வீட்டுக்குப் போகவில்லை. கோல் அருகே புல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கிட்டே வரவில்லை. மச்சினன் மட்டும் தூரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவனைத் தேற்றும் வேலையும் கடைசியில் அவருக்கே வந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். தார் என்றைக்கு என்று சொல்லப் போகிறார் என்று மேஸ்திரி நினைத்தார்.

"மேஸ்திரி, நேத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே இல்ல."

"தோத்துட்டோம் சார்."

"அத விடுங்கய்யா. பத்து பேர அந்த கோலுக்குள்ள வரலாம் எப்படி நிறுத்தினான்! நடுவுல ஒரு பந்து போகல. நம்ம யார்டுல பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல கல்யாணமே நடத்தலாம், அவ்வளவு எடம் கெடக்கு. காலைல அவன விட்டு நெருக்கி நிறுத்திப் பாத்தேன். புது பஸ் அத்தனையும் அடங்குது, மேல இன்னும் ரெண்டு நிக்கும். உங்க கிரவுண்டு எங்களுக்கு வேணாம்."

மேஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த லீக் போனா போகுது, கீழ் டிவிஷன்ல ஆடுங்க. யாரு வேணாம்னா? ஒண்ணே ஒண்ணுதான். நெருக்கி நிறுத்துனா எல்லா வண்டிக்கும் கூப்பிட ஆள் வேணும். வரலாமுக்கு இனி ஞாயித்துக்கிழமையும் டூட்டி."

மேஸ்திரி பட்டறைக்குத் திரும்பினார். மேசையில் நட்டுகளும் போல்ட்டுகளும் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அணியாக அடுக்கினார். துருப்பிடித்த வாஷரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக மைதானத்தைப் பார்த்தார். புல் பச்சையாகத்தான் இருந்தது.

வாஷரைத் திரும்பவும் கோலில் வைத்தார்.