பாலத்தின் பங்கு

முகத்துவாரக்குப்பத்தின் கூரை போட்ட மரப்பாலம் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தின் மூன்றாம் நாள் கடலுக்குப் போகும். மறுநாள் மாலை திரும்பிவிடும். ராயபுரத்தில் உடைத்த கப்பல்களின் தேக்கைக் கொண்டு கட்டியது அது. உப்பு மூட்டை நனையாதிருக்க மேலே ஓடு வேய்ந்தார்கள். நூறு ஆண்டுகள் அசையாமல் நின்றது. விசைப்படகுகளைக் கரையில் கட்டச்சொல்லி அரசு ஆணை வந்த முதல் ஆண்டில்தான், கடல் காலியாகக் கிடப்பதைப் பார்த்தோ என்னவோ, கால்களைச் சேற்றிலிருந்து உருவிக்கொண்டு கிளம்பியது. திரும்பியபோது ஓட்டுக்கடியில் நானூறு கிலோ வஞ்சிரம் இருந்தது. ஊர் அதைத் தலைக்கட்டு வாரியாகப் பிரித்துக்கொண்டது. கடலுக்குப் போக ஆளிருக்கும் வீடு ஒரு தலைக்கட்டு. மீனோடு வரும் படகுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது வழக்கம் என்பதால் பாலத்துக்கும் ஒதுக்கி, அந்தக் காசில் உடைந்த ஓடுகளை மாற்றினார்கள்.

கன்னியம்மாவுக்கு அதில் எதுவும் இல்லை. கணவன் இறந்த மாதமே அவள் வீட்டைத் தலைக்கட்டுப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். பட்டியலில் இல்லாதவர்களுக்குக் கருவாடு காயவைக்க மணலில் இடமில்லை. காலடிப்பேட்டைத் தெருக்களில் விற்கும் கருவாடுதான் அவள் பிழைப்பு. ஆறு ஆண்டுகள் அடுத்தவர் இடத்தில் கெஞ்சிக் காயவைத்தாள். ஏழாம் ஆண்டு, மூன்றாம் நாள் விடியலில், தூக்குச்சட்டியில் கஞ்சியோடு பாலத்தின் நடுவில் போய் உட்கார்ந்தாள். எண்ணூர்ப் புகைபோக்கிகள் மறையும்வரை பாலம் போயிற்று. மீன்கள் ஏறத் தொடங்கியதும் அவள் எழுந்து தரம் பிரித்துப் போட்டாள்.

கரைக்கு வந்ததும் ஊர்க்கூட்டத்தில் தன் வீட்டைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னாள்.

"பாலத்துல குந்திகினு போனா கடலுக்குப் போனதாயிடுமா?" என்றார் ஊர்த்தலைவர் மனோகரன். "அப்ப பஸ்ல போறவனும் மீனவந்தான்." கூட்டம் சிரித்தது.

"பாலம்னா நின்னுகினுல்ல இருக்கணும் நைனா? இது போய்கினுல்ல கீது" என்றாள் கன்னியம்மா.

"எங்க போனாலும் பாலம் பாலந்தான்."

"அப்ப வருசா வருசம் அதுக்குப் படகுப் பங்கு எடுத்தியே, இன்னாத்துக்கு? சிமெண்டுப் பாலத்துக்கு எவனாச்சும் பங்கு எடுத்துகீறானா?"

படகில்லை என்றால் ஊர் ஒதுக்கிய பங்கெல்லாம் தப்பு; படகென்றால் அதில் போனவள் கடலுக்குப் போனவள். பட்டியல் வைத்திருந்த பிரகாஷிடம் மனோகரன், "எய்திக்கோ" என்றார்.

"எந்தப் படகுன்னு எய்த, மாமா?"

"பாலம்னு எய்து."

தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே பத்தடிக்குப் பதினைந்தடி மணல் இப்போது கன்னியம்மாவுடையது. இந்த ஆண்டு மூன்றாம் நாள் பாலத்தில் ஒன்பது பெண்கள் ஏறினார்கள். அக்கரைக்குப் போக மோட்டார் சைக்கிளில் வந்த மளிகைக்கடைக்காரரிடம், "நாளிக்கு சாய்ங்காலம் வாண்ணே" என்றாள் கன்னியம்மா. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு எர்ணாவூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.