பட்டை நட்சத்திரங்கள்

நாலு துண்டு மஞ்சள் பட்டையை இரண்டாக மடித்து, ஒன்றின் வாயில் இன்னொன்றைக் கோத்து இழுத்தாள் சோனியா. நடுவில் சின்னச் சதுரம் விழுந்தது. இனி நுனிகளைத் திருப்பித் திருப்பிச் சொருகினால் எட்டு முனை வந்துவிடும். பிளாஸ்டிக் பட்டையின் ஓரம் பிளேடு மாதிரி. இரண்டு விரல்களில் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். அப்படியும் கட்டைவிரல் ஓரத்தில் இரண்டு கீறல். கட்டில் மேல், அரிசி மூட்டை மேல், டி.வி. மேல் என்று இருபத்தேழு நட்சத்திரங்கள் கிடந்தன. நாற்பது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததிலிருந்து அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வாசலில் அவள் புருஷன் இம்மானுவேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப்போட்டுக் கிறிஸ்துமஸ் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். புதுவாயல் கூட்டுரோட்டு லாரிச் சத்தம் உள்ளேவரை கேட்டது.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் காருக்கான தகடு பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சோனியாவுக்கு பேக்கிங் வேலை. காண்ட்ராக்ட் ஆள், ஆறு வருஷம் ஆகிறது. துருப்பிடிக்காமலிருக்க ஒவ்வொரு பாகத்தையும் நீல மெழுகுத்தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, மஞ்சள் பட்டை போட்டு இறுக்க வேண்டும். வெட்டி விழுகிற பட்டைத் துண்டுகள் குப்பைக்குப் போகும். போன வருஷம் அதில் நாலைந்து எடுத்து வயர்கூடை பின்னுகிற கைப்பழக்கத்தில் ஒரு நட்சத்திரம் செய்து வாசலில் மாட்டியிருந்தாள். போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்த அந்தப் படத்தை எப்படியோ ஹெச்.ஆர். ஸ்ரீவாணி மேடம் பார்த்துவிட்டாள்.

"இருபத்து மூணாம் தேதி ஃபாரின் கஸ்டமர்ஸ் வராங்க, சோனியா. கடையில வாங்கின டெகரேஷன் வேண்டாம். நம்ம வேஸ்ட்ல நம்ம லேடீஸ் வீட்ல உக்காந்து கையால பண்ணதுன்னு சொன்னா அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்டார், ட்ரீ, ஏஞ்சல்ஸ் எல்லாம் பண்ணிடு."

"பட்டை நிறைய வோணும் மேடம்."

பக்கத்தில் நின்ற காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் பாக்கியராஜ்தான் பதில் சொன்னான். "எவ்ளோ வோணுமோ எடுத்துக்கினு போ. கேட்ல நான் சொல்லிக்கிறேன்."

மூன்று நாள் பையில் எடுத்து வந்தாள். கேட்டில் செக்யூரிட்டி அப்பாவு பையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, குடில் கட்றியா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

நாலு மணி வாக்கில் சின்னப்பொண்ணு வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அதே கம்பெனியில் பிரஸ் மிஷினில் இருந்தவள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். உட்கார்ந்தபிறகுதான் கட்டு தெரிந்தது. ஆள்காட்டி விரல் இல்லை, நடுவிரல் இல்லை, கட்டைவிரல் பாதிக்கு மேல் இல்லை.

"டீ போடட்டுமாக்கா?"

"வோணாம்மா. குட்ச்சிட்டுதான் வந்தேன்." சின்னப்பொண்ணு ஒரு நட்சத்திரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நல்லாக்கீது. குடு, நானும் ஒண்ணு பண்றேன்."

முட்டிக்கு நடுவில் பட்டையைப் பிடித்துக்கொண்டு இடது கையால் கோத்தாள். மூன்றாவது துண்டு வரை வந்தது. நாலாவதைச் சொருகும்போது மொத்தமும் தெறித்துப் பிரிந்து அவள் மடியில் விழுந்தது. மறுபடி கோக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கிச் சோனியா பக்கம் தள்ளினாள்.

"செவ்வாக்கெழம என்கொயரி வச்சிக்கிறாங்க. கம்பெனி வக்கீலு வராராம்."

"கேள்விப்பட்டேன்க்கா."

"பட்டன்ல நானே டேப் ஒட்டிக்கினேன்னு எழுதி வச்சிக்கிறாங்க. அப்டின்னு ஆயிட்ச்சின்னா கேஸே நிக்காதாம், யூனியன்காரரு சொல்றாரு." குரலைத் தாழ்த்தினாள். "நீ பாத்த இல்ல?"

சோனியா பார்த்திருந்தாள். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்காமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. நவம்பர் பதினோராம் தேதி காலை, காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பிரஸ் லைன் வழியாகப் போனபோது, பாக்கியராஜ் குனிந்து ஒரு பொத்தானுக்குமேல் அட்டையை மடித்து வைத்து டேப் சுற்றிக்கொண்டிருந்தான். "ரெண்டு கையும் பட்டன்லயே வச்சிக்கினு இருந்தா டார்கெட் எப்போ முடிக்கிறது?" என்று சின்னப்பொண்ணிடம் கத்தியதையும் கேட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அலறல் கேட்டது.

"பாத்தேன்க்கா."

"அத்த மட்டும் சொல்லு, போதும். வேற எவளும் வாயத் தொறக்க மாட்டேங்கறா."

"சொல்றேன்க்கா."

வாசலில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. சின்னப்பொண்ணு போனபிறகு இம்மானுவேல் உள்ளே வந்தான். அவனும் அதே காண்ட்ராக்ட்டில்தான் லோடிங் வேலை பார்த்தான்.

"இன்னாமே, யோசிச்சித்தான் சொன்னியா?"

"கண்ணால பாத்தத சொல்றதுக்கு இன்னா யோசனை?"

அவன் அட்டை மரத்தை நிமிர்த்தி நிற்கிறதா என்று பார்த்தான். சாய்ந்தது. அடியில் இன்னொரு அட்டையைக் கொடுத்து ஒட்டினான்.

திங்கட்கிழமை காலை முப்பத்து மூன்று நட்சத்திரங்களையும் மரத்தையும் ஆபீசில் கொண்டுபோய் வைத்தாள். ஷிப்ட் முடிந்ததும் மீதி ஏழுக்குப் பட்டையும், மேடம் கேட்ட சம்மனசுப் பொம்மைகளுக்கு இறக்கையும் உடுப்பும் வெட்டக் கொஞ்சம் கிழிந்த நீலத்தாளும் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். அப்பாவு தலையைக் குனிந்து ரெஜிஸ்டரில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் சஃபாரி உடுப்புப் போட்ட செக்யூரிட்டி ஆபீசர் நின்றார். அவர் இந்த நேரத்தில் கேட்டுக்கு வருகிறவர் அல்ல.

"பையத் தொற."

திறந்தாள். அவர் போனை நீட்டிப் படம் பிடித்தார். "இது யாரு பொருளு?"

"வேஸ்ட்டு சார். டெகரேஷனுக்கு. பாக்கியராஜ் சாருதான் எடுத்துக்கினு போவச் சொன்னாரு."

"கேட் பாஸ் இருக்கா?"

"இல்ல சார். மேடத்தக் கேளுங்க சார்."

அவர் பாக்கியராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் யாருக்கும் பர்மிஷன் குடுக்கல" என்று குரல் வந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பையைக் காட்டிவிட்டு வேனில் போய் ஏறினார்கள். வேன் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிளம்பிவிட்டது.

ஸ்ரீவாணி மேடம் அறையில் மேஜைமேல் காலையில் கொடுத்த நட்சத்திரங்கள் ஒரு தட்டில் இருந்தன.

"மேடம், நீங்கதான பண்ணச் சொன்னீங்க?"

"பண்ணச் சொன்னேன். கேட் பாஸ் இல்லாம எடுத்துட்டுப் போகச் சொன்னேனா?" மேடம் கோபமாகப் பேசவில்லை. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் நீட்டினாள். "எழுதிடு. ஃபார்மாலிட்டிதான்."

"திருடிட்டேன்னா எழுதணும்?"

"சேச்சே. கம்பெனி பொருளை அனுமதி இல்லாம எடுத்தேன், இனிமே செய்ய மாட்டேன், மன்னிச்சிடுங்க. அவ்வளவுதான்."

சோனியா எழுதினாள். துணி சுற்றிய விரல்களில் பேனா வழுக்கியது. துணியைக் கழற்றிவிட்டு எழுதினாள். மேடம் அதை வாங்கிப் படித்து, டிராயரில் போட்டுச் சாவியைத் திருப்பினாள்.

"இது இங்கயே இருக்கும். யாருக்கும் போகாது. உன் ஹஸ்பெண்டும் நம்ம காண்ட்ராக்ட்தானே?"

"ஆமா மேடம்."

"நாளைக்கு என்கொயரில உன்னைக் கூப்பிடுவாங்க. சின்னப்பொண்ணு உன் பேரைக் குடுத்திருக்கா." மேடம் ஒரு நட்சத்திரத்தை எடுத்து அதன் முனைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நீ பேக்கிங். பிரஸ் லைன் பக்கம் உனக்கு என்ன வேலை?"

சோனியா கழற்றிய துணியை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள். மேடம் நட்சத்திரத்தைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"சரி, கிளம்பு. இன்னும் ஏழு பாக்கி இல்ல? காலையில கொண்டுவந்து நீயே மாட்டிடு."

"பட்டை கேட்ல வச்சிக்கினாங்க மேடம்."

"நான் சொல்றேன், எடுத்துக்கோ. இப்ப நான்தானே தரேன்."

கூட்டுரோடு வரை ஷேர் ஆட்டோவில் வந்தாள். பை மடியில் இருந்தது. வீட்டில் இம்மானுவேலுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. லோடிங்கில் எல்லாரும் பேசிக்கொண்டார்களாம்.

"நேத்தே நெனச்சேன்," என்றான். "அவ வந்து கேட்டது யாரு காதுலயோ வுழுந்துகீது."

"நான் எழுதிக் குடுத்துட்டேன்யா."

"இன்னா பண்ணுவ? குடுக்கலன்னா போலீசுன்னு இருப்பானுங்க."

"நாளைக்கு அக்கா மூஞ்சிய எப்டிப் பாக்கறது?"

அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். "வேலய வுட்டுட்டு வந்துடலாம். ரெண்டு பேருமே வந்துடலாம். திருட்டுப் பேர வச்சிக்கினு எந்தக் கேட்ல போய் நிக்கிறது, சொல்லு? இந்த எஸ்டேட்டு முழுக்க ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரிஞ்சவன்."

சோனியா தரையில் உட்கார்ந்து பட்டைகளைப் பையிலிருந்து கொட்டினாள். ஒரே அளவாக வெட்டினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஏழும் முடிந்துவிட்டது.

மறுநாள் ரிசப்ஷனில் அலுமினிய ஏணிமேல் நின்று நட்சத்திரங்களை நூலில் கட்டிக்கொண்டிருந்தபோது ப்யூன் வந்து கூப்பிட்டான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யூனியன்காரர் வெயிலில் நின்றிருந்தார். அவரை உள்ளே விடவில்லை.

ட்ரெயினிங் ரூமில் வக்கீல், மேடம், பாக்கியராஜ். எதிரே தனி நாற்காலியில் சின்னப்பொண்ணு. சலவைப் புடவை கட்டி, தலைக்குப் பூ வைத்திருந்தாள். சோனியாவைப் பார்த்ததும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"சம்பவத்தன்னிக்கி காலையில, மூணாம் நம்பர் பிரஸ்ல டேப் ஒட்டினது யாருன்னு நீங்க பாத்தீங்களா?" வக்கீல் கேட்டார்.

பாக்கியராஜ் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாக்கல சார்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பேக்கிங்ல."

"சோனியா," என்றாள் சின்னப்பொண்ணு. அவ்வளவுதான்.

வக்கீல் எழுதினார். எழுதியதை வேகமாகப் படித்துக் காட்டினார். வெளியே கார்கள் வந்து நின்றன. யாரோ கைதட்ட, பிறகு நிறையப் பேர் தட்டினார்கள். "கஸ்டமர்ஸ் வந்துட்டாங்க" என்று மேடம் எழுந்து போனாள். பாக்கியராஜும் பின்னாலேயே போனான்.

வக்கீல் தாளைச் சின்னப்பொண்ணு பக்கம் திருப்பினார். "நீங்க வந்து கலந்துக்கிட்டீங்கன்னு ஒரு கையெழுத்து."

அவள் இடது கையில் பேனாவைப் பிடித்தாள். முதல் எழுத்தே வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று.

"இது உங்க பழைய கையெழுத்தோட ஒத்துப்போகாதும்மா. கைநாட்டு வச்சிடுங்க."

"நான் பத்தாவது படிச்சிக்கிறேன் சார்."

"அதுக்கில்லம்மா." அவர் மைப் பெட்டியைத் திறந்து வைத்தார்.

சின்னப்பொண்ணு இடது கட்டைவிரலை மையில் அழுத்தினாள். தாள் ஃபேன் காற்றில் நகர்ந்தது. பிடித்துக்கொள்ள அவளுக்கு இன்னொரு கை உதவவில்லை. சோனியா குனிந்து தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். ரேகை சுத்தமாக விழுந்தது.

"கைநாட்டுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து வேணுமே," என்று வக்கீல் சுற்றிப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை. "நீங்க பாத்தீங்க இல்ல? நீங்களே போடுங்க. மேற்படி ரேகை என் கண்முன்னால் வைக்கப்பட்டதுன்னு கீழ எழுதி, முழுப்பேரு போட்டுடுங்க."

சோனியா பேனாவை எடுத்தாள். சின்னப்பொண்ணு துடைத்துக்கொள்ளத் துணி இல்லாமல், மை படிந்த விரலைப் புடவையில் படாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.