வாசிப்பவர் யோகமலர் செபஸ்தியன்

அன்று காலை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் நாகேந்திரம், ஓய்வுபெற்ற தபாலதிபர். அவருடைய மனைவி கனகேஸ்வரி. கீழ்மாடியில் குடியிருந்த இரும்புக்கடைச் சுந்தரலிங்கம். சமையலுக்கு வந்துபோகும் பழனியம்மா. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சிலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இருக்கவில்லை.

நாகேந்திரத்தின் ஒரே தம்பி இரத்தினசிங்கம் பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் பிரேதமாகக் கிடந்தார். இருதய வைத்தியத்துக்காகக் கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்கு வந்தவர், முந்தின நாள் இரவு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். மனைவி தையல்நாயகி சுழிபுரத்தில் இருந்தார். அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை, தந்தி இல்லை. மின்சாரமும் இல்லாததால் அங்கே சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டது. பாட்டைத் தவறவிட்டாலும் மத்தியானம் வாசிக்கிற மரண அறிவித்தலை ஒருவரும் தவறவிடுவதில்லை. தையல்நாயகிக்குச் செய்தி போய்ச்சேர அந்த ஒரு வழிதான் இருந்தது.

"அவ அங்க பொட்டோட திரியிறா," என்றார் கனகேஸ்வரி. "மனிசன் சுகமாகி வருவாரெண்டு கோயிலுக்கு நேர்த்தி வைச்சுக்கொண்டிருப்பா. கெதியா எழுதுங்கோ."

நாகேந்திரம் எழுதினார். தந்தி எழுதிப் பழகிய கை. ஒரு சொல் கூடாது, குறையாது. பிறந்த இடம், வாழ்ந்த இடம், பெற்றோர், மனைவி. பிள்ளைகள் என்று வந்ததும் சிறீகாந்தன் கனடா, கிருபாகரன் நோர்வே என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார்.

"அவளின்ர பேர்?" என்று கேட்டார் கனகேஸ்வரி.

"தம்பி இந்த வீட்டில நிண்டு எனக்குச் சொன்னவன். தன்ர செத்தவீட்டு அறிவித்தலில அவளின்ர பேர் வரக்கூடாதெண்டு. அதுக்குப் பிறகு மாத்திச் சொல்லேல்லை."

அவள் என்பது யோகமலர், இரத்தினசிங்கத்தின் மூத்த பிள்ளை. பள்ளிக்கூடத்துச் சட்டையோடு வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியில் பேசத் தொடங்கி, நாடகத்தில் நடித்து, அறிவிப்பாளராகித் தொலைக்காட்சியிலும் முகம் காட்டியவள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தாய் தகப்பன் ஊருக்குப் போனபோது அவள் போகவில்லை. அடுத்த ஆண்டே கொட்டாஞ்சேனைச் செபஸ்தியனைத் தேவாலயத்தில் கலியாணம் செய்தாள். அன்றிலிருந்து ஒன்பது வருடம் நாகேந்திரத்தின் வீட்டில் அவளுடைய நிகழ்ச்சி நேரத்தில் வானொலி மூடியிருந்தது.

தேநீர்த் தட்டோடு நின்ற பழனியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயா, அந்த வியாழக்கிழம டீவியில வர்ற யோகமலர் அம்மாவா? அவங்க ஒங்க வீட்டுப் பொண்ணுங்களா? ரெண்டு வருசமா இங்க வேல பாக்கிறேன், யாரும் ஒரு வார்த்த சொல்லலியே!"

"நீ போய் அடுப்பைப் பார்," என்றார் நாகேந்திரம்.

சுந்தரலிங்கம் தொண்டையைச் செருமினார். அவர் நல்ல மனிதர், ஆனால் எரிகிற இடத்தில் விசிறாமல் இருக்கத் தெரியாதவர்.

"அண்ணை, ஒண்டை யோசிச்சியளோ? இந்தக் கிழமை மத்தியான அறிவித்தல் வாசிக்கிறது ஆரெண்டு தெரியுமோ? நேற்றும் அவதான், முந்தநாளும் அவதான்."

நாகேந்திரம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க பேரை விட்டுப்போட்டுக் குடுப்பியள். மைக் அவவின்ர வாய்க்கு முன்னால. நேரடி ஒலிபரப்பு. 'இதில என்ர பேரை விட்டுப்போட்டினம், நான்தான் மூத்த மகள்' எண்டு ஒரு வசனம் சொன்னால் ஆர் தடுக்கிறது? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலைநாடு எல்லாம் கேட்கும்."

"சொல்லட்டுமன்," என்றார் கனகேஸ்வரி. "சொன்னால் பொய்யோ?"

நாகேந்திரம் யன்னலடிக்குப் போனார். கீழே தண்டவாளத்தில் மருதானைக்குப் போகும் ரயில் கடந்தது. அது போய் முடியும்வரை நின்றார். தம்பியின் சொல் ஒரு பக்கம். மறுபக்கம், குடும்பத்து வழக்கு வானொலியில் சந்திக்கு வருவது. இரண்டில் எது பெரிய இழிவு என்று அவர் தனக்குள் எடை போட்டார். இரக்கத்தால் அல்ல, பயத்தால்தான் திரும்பி வந்து உட்கார்ந்தார். புதுத்தாள் எடுத்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். மகன்மாரின் பெயர்களுக்குப் பிறகு 'யோகமலர் கொழும்பு' என்று சேர்த்தார். மருமகன் என்று எவருடைய பெயரையும் எழுதவில்லை.

"மருமகன் ஆகாயத்திலயோ இருக்கிறார்?" என்றார் கனகேஸ்வரி.

"இவ்வளவுதான் என்னால ஏலும்."

அறிவித்தல் பத்து மணிக்கு முன் வானொலி நிலையத்தில் கையளிக்கப்பட வேண்டும். பிந்தினால் மறுநாள்தான். மறுநாள் பின்னேரம் கனத்தை மயானத்தில் தகனம். நாகேந்திரம் வெள்ளை வேட்டியும் நாஷனல் சட்டையும் உடுத்து, தாளையும் மரண அத்தாட்சியையும் உறையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவர் ஒழுங்கையைத் தாண்டியதும் கனகேஸ்வரி கீழே சுந்தரலிங்கத்தின் தொலைபேசிக்குப் போனது அவருக்குத் தெரியாது.

பம்பலப்பிட்டியைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. ஆண்களை இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்ட சிப்பாய் உறையைத் திறந்து தாளை விரித்தான். தமிழில் வரிசையாகப் பெயர்கள், ஊர்கள், நாடுகள்.

"மேக்க மொகத்த?" இது என்னவென்று கேட்டான்.

"மகே மல்லி நெதி வுணா, மாத்தயா. ரேடியோ எக்கட்ட தென்ன யனவா."

பேரன் வயதுப் பெடியனை 'மாத்தயா', ஐயா என்று அழைத்த வாய் கசந்தது. தம்பி செத்துப்போனான், வானொலிக்குக் கொடுக்கப் போகிறேன் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் சிப்பாய் தாளை மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் கொண்டுபோனான். பஸ் போய்விட்டது. வெயில் ஏறத் தொடங்கியது. தமிழ் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பித்தார்கள். கனடா என்றதும் ஒரு கேள்வி, நோர்வே என்றதும் இன்னொரு கேள்வி. 'யோகமலர்' என்றதும் வாசித்தவன் நிமிர்ந்தான்.

"டீவியில வாறவவோ, ஐயா? உங்களுக்கு என்ன முறை?"

நாகேந்திரம் தாளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "தம்பியின்ர மகள்."

அவன் அதிகாரியிடம் ஏதோ சிங்களத்தில் சொன்னான். தாள் திரும்பி வந்தது. மிச்சத் தூரத்தை நாகேந்திரம் நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார். முதுகு மட்டும் வளையவில்லை.

நிலையத்து வாயிலில், காவல்காரர்களுக்கு அப்பால் பார்வையாளர் கொட்டகையில், ஒரு பெண் நின்றாள். பொட்டில்லை. கொழும்பில் பஸ்ஸில் வருகிற தமிழ்ப்பெண்கள் அப்போது சோதனைக்குப் பயந்து பொட்டு வைக்காமல் வந்து, உள்ளே போய் வைத்துக்கொள்வார்கள். முன்மயிர் நரைத்திருந்தது. அவருக்கு அடையாளம் பிடிக்க ஒரு கணம் சென்றது.

"பெரியப்பா."

"அறிஞ்சிட்டியோ?"

"பெரியம்மா போன் பண்ணினவ." கண்கள் சிவந்திருந்தன, ஆனால் குரல் சீராக இருந்தது. "தாளைக் காட்டுங்கோ. என்ர பேரைப் போட்டிருக்கிறியளோ?"

இதோ சண்டை என்று நாகேந்திரம் நிமிர்ந்து நின்றார். "போட்டிருக்கு. மூண்டாவதாய். அதுக்கு மேல ஒண்டும் கேளாதை."

"வெட்டுங்கோ."

அவருக்கு விளங்கவில்லை.

"பேர் இருந்தால் நான் வாசிக்கேலாது, பெரியப்பா. இங்க வேலை செய்யிற ஆக்களின்ர குடும்ப அறிவித்தலை அவையளே வாசிக்கிறதில்லை, வேற ஆளிட்டைக் குடுத்திடுவினம். முந்தி ஒருத்தர் வாசிக்கப்போய் இடையில அழுது ஒலிபரப்பு நிண்டு போச்சுது, அண்டைக்கு வந்த சட்டம். அறிவித்தல் எடுக்கிற பௌஸி ஐயா நல்ல மனிசன், ஆனால் சட்டமெண்டால் சட்டம். என்ர பேரைக் கண்டால் உடன என்னை வீட்டை அனுப்பிப்போடுவார்."

"அப்ப வேற ஆள் வாசிக்கட்டுமன்."

"அம்மா கேட்டுக்கொண்டிருப்பா. அப்பா செத்ததை ஆரோ ஒரு அந்நியன் சொல்லி அவ கேக்கிறதோ? பக்கத்தில பிள்ளையெண்டு ஒருத்தரும் இல்லை. நான்தான் சொல்லவேணும்."

"கண்டுபிடிச்சால்?"

"வேலை போகும். ரேடியோவும் போகும், டிவியும் போகும்."

"உன்ர மனிசன் என்ன சொல்லுறான்?"

"'வாசி' எண்டவர்." அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "ஒன்பது வருசம் அறிவித்தலில என்ர பேர் வருமோ வராதோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தன், பெரியப்பா. இண்டைக்கு அதை யோசிக்க நேரமில்லை."

தாளை வாங்கித் தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். வெட்டின தாளைக் கொடுத்தால் பௌஸி கேள்வி கேட்பார் என்று சொல்லி, பேனாவையும் புதிய தாளொன்றையும் நீட்டினாள். நாகேந்திரம் கொட்டகையின் மரவாங்கில் உட்கார்ந்து மடியில் உறையை வைத்து மறுபடி எழுதினார். காலையில் எப்படி முதலில் எழுதினாரோ அதே அறிவித்தல். தான் விரும்பியது தானாகவே கைக்கு வந்தும், அந்த ஒரு முற்றுப்புள்ளியை வைக்க அவருடைய கை தயங்கியது.

"நாளைக்குப் பின்னேரம் கனத்தைக்கு நாங்கள் வரலாமோ?" என்று கேட்டாள்.

"கனத்தை ஊருக்குப் பொது."

"நீங்கள் கொஞ்சமும் மாறேல்லை," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பௌஸி, அறிவித்தல்களைப் பொறுப்பேற்கும் அதிகாரி, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். பத்து மணிக்குச் சற்று முன்னர்தான். அத்தாட்சியைச் சரிபார்த்தார்.

"மவ்த்தானவரு ஒங்கட தம்பியா? கொழும்பில அவருக்குப் புள்ளைகள் ஒத்தரும் இல்லையா?"

வாழ்நாளில் ஒரு பொய்த்தந்தி அனுப்பாத மனிதர் நாகேந்திரம். நேராகப் பார்த்துச் சொன்னார்: "தாளில உள்ளதுதான் அறிவித்தல்."

"சரி, சரி. வெயில்ல வந்தீக்கிறீங்க. இந்தா, ஃபேனுக்குக் கீழ குந்துங்க. வாசிக்கிறதக் கேட்டுட்டே போங்களேன்."

மறுத்தால் சந்தேகம் வரும். உட்கார்ந்தார். சுவரில் ஒலிபெருக்கி, அதற்கு நேர் கீழே பௌஸியின் மேசை. மத்தியானம் வரை அசையாமல் இருந்தார். பாட்டு முடிந்தது. மணியோசை.

"மரண அறிவித்தல். வாசிப்பவர் யோகமலர் செபஸ்தியன்."

தம்பியின் அறிவித்தல் மூன்றாவதாக வந்தது. சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை முன்னாள் வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, இரத்தினசிங்கம் என்ற பெயரைத் தெளிவாகச் சொன்னாள். தையல்நாயகியின் அன்புக் கணவரும் என்றாள். நாகேந்திரத்தின் விரல்கள் வேட்டி மடிப்பைப் பற்றின. சிறீகாந்தன் கனடா. கிருபாகரன் நோர்வே.

அங்கே ஓர் இடைவெளி விழுந்தது.

பௌஸி தலை நிமிர்ந்தார். வெட்டியது அவளே என்றாலும் இப்போது மைக் அவளிடம். இரண்டு சொல் போதும். தாய் கேட்பாள், ஊர் கேட்கும், கூடவே வேலையும் போகும். சொல்லிவிடு என்று தனக்குள் ஒரு குரல் எழுந்ததை நாகேந்திரம் கேட்டார். அது தன்னுடைய குரல்தான் என்பது அவருக்கு நம்பக் கடினமாக இருந்தது.

"ஆகியோரின் பாசமிகு தந்தையும்," என்று யோகமலர் தொடர்ந்தாள், "நாகேந்திரத்தின் அன்புச் சகோதரரும் ஆவார்."

வழக்கப்படி அறிவித்தல் இரண்டாம் முறையும் வாசிக்கப்பட்டது. இம்முறை மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடம்விட்டு வாசித்தாள். பெடல் சுற்றுகிற கை தளர்ந்தாலும் ஒரு பெயரும் விடுபடாதபடி.

"புள்ளைக்கு இண்டைக்குக் கொரல் கொஞ்சம் கட்டீக்கி," என்றார் பௌஸி. "தடிமன் போல."

"இருக்கும்," என்றார் நாகேந்திரம். "காலம் அப்பிடி."

பௌஸி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து தன் வேலையைப் பார்த்தார். எவ்வளவு தெரிந்துகொண்டார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். நாகேந்திரம் எழுந்து, வணக்கம் சொல்லி, வாயிலைத் தாண்டி, தெருவோரத்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்துகொள்ள நேரம் எடுத்தது.

மறுநாள் கனத்தைக்கு யோகமலர் கணவனோடு வந்தாள். வரிசையில் செபஸ்தியனுக்கு இடம் விடும்படி நாகேந்திரம் கையால் காட்டினார். செய்தி தையல்நாயகிக்கு அன்று மத்தியானமே சேர்ந்தது என்பது, கிளாலியால் வந்த ஒருவர் சொல்லிப் பிறகு தெரிந்தது. இரண்டாம் வாசிப்பு முடியும்வரை தையல்நாயகி வானொலியைத் தொட்டுக்கொண்டே இருந்தாராம்.

வெள்ளவத்தையில் இன்றும் ஒரு கதை உலாவுகிறது. தம்பியின் மகளை அவமானப்படுத்துவதற்காக நாகேந்திரம் அவளுடைய பெயரை அறிவித்தலில் இருந்து வெட்டினார், வாசிக்கும்போதுதான் அவள் அதை அறிந்தாள், கலையகத்தில் மயங்கி விழுந்தாள் என்று. அது பிழை. பெயரை எழுதியவர் நாகேந்திரம். வெட்டியவள் யோகமலர். அவள் மயங்கி விழவில்லை. அன்று மேசையில் இருந்த மிச்ச அறிவித்தல்களையும் அவளே வாசித்தாள்.