தகர நட்சத்திரத்தில் ஒரு குழந்தை

டிசம்பர் வந்துவிட்டால் லாரலின் கைக்குப் புத்தி கெட்டுப்போகும். சாக்லேட் பால் கலக்க அலமாரியைத் திறப்பாள். வீட்டில் பிள்ளைகள் இரண்டுதான். கையோ மூன்று கோப்பைகளை எடுத்து வைக்கும். யாரும் பார்ப்பதற்குள் ஒன்றைத் திருப்பி உள்ளே வைத்துவிடுவாள். ஒரு கோப்பை கூடுதலாக எடுக்கும் இந்தக் கூத்து எட்டு வருஷமாக நடக்கிறது. கணவன் டுவைட்டிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அமெரிக்காவின் டுலூத் ஊரில் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. டுவைட் கிறிஸ்துமஸ் மரத்தைக் கூடத்தில் நிறுத்திவிட்டு, சிக்கிக்கொண்ட விளக்குச் சரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சின்னவள் ஜூனி, ஐந்து வயது, அலங்காரப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தாள். பெரியவள் பிரிட்டாவைக் காணோம். பின்கதவு திறந்து மூடும் சத்தம் காலையிலிருந்து நாலாவது தடவையாகக் கேட்டது.

"எத்தன தடவடி வெளிய போவ? மேல கோட்டுகூட இல்லாம."

"சும்மாதாம்மா." பிரிட்டாவின் முகமெல்லாம் ஈரம். கன்னம் சிவந்திருந்தது.

லாரல் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள். இந்த வருஷம் பிரிட்டா காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டதில்லை. அதை லாரல் ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டாள். வருஷா வருஷம் சொந்தபந்தங்களுக்கு அனுப்பும் கிறிஸ்துமஸ் கடிதத்திலும் எழுதி, எழுபது வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

"அக்கா பாப்பா கெடச்சாச்சு," என்று ஜூனி பெட்டியிலிருந்து ஒரு தகர நட்சத்திரத்தை எடுத்தாள். அதன் நடுவில் ஒரு குழந்தையின் படம். மஞ்சள் நிறப் பஞ்சுச் சட்டை, இடது புருவத்துக்கு மேலே பயறளவு மச்சம். மரத்தில் முதலில் ஏறுவது அதுதான். மாட்டுகிறவள் பிரிட்டா.

அந்தப் படம் ஒரு நவம்பரில் சீனாவிலிருந்து தபாலில் வந்தது. இதுதான் உங்கள் மகள், பிப்ரவரியில் வந்து கூட்டிப்போங்கள் என்று தத்து அலுவலகத்தில் சொன்னார்கள். அதுவரை பொறுக்குமா லாரலுக்கு? படத்தைக் கத்தரித்து நட்சத்திரத்தில் ஒட்டி மரத்தில் தொங்கவிட்டாள். பிரிட்டா என்று பெயர் வைத்து, போர்வையில் அந்தப் பெயரைத் தைத்து, தினமும் படத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்கினாள். ஜனவரியில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. நாலே நாளில் குழந்தை இறந்துபோனது. பத்தாம் நாள் வேறொரு குழந்தையின் படம் வந்தது. பாவம், அழுது முடிக்கக்கூட அவகாசம் இல்லை. போய் அந்தக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். போர்வையும் பெயரும் அதற்கே ஆயின. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்த யாரோ நட்சத்திரத்தைப் பார்த்து, "நம்ம பிரிட்டாவா இது?" என்று கேட்டார்கள். லாரல் தலையாட்டினாள். அன்று ஆட்டிய தலையை இன்றுவரை நிறுத்த முடியவில்லை.

ஜூனி நட்சத்திரத்தை அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஒன் மச்சம் எங்கக்கா போச்சு?"

"வளர வளர மறைஞ்சிடுச்சு கண்ணு," என்றாள் லாரல். டுவைட் விளக்குச் சரத்தின் மேல் இன்னும் குனிந்துகொண்டான்.

"காதும் வேற மாதிரி இருக்கு. இது அக்கா இல்ல."

"நான்தான் அது," என்று பிரிட்டா அவசரமாகப் பிடுங்கினாள். "நானேதான். குடு இங்க."

எட்டி மாட்டப் பார்த்தாள். நட்சத்திரம் கிளையில் மாட்டவில்லை. உதவப்போன லாரல் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், சுட்டது. சட்டைக்குள் கைவிட்டுப் பிடரியைத் தொட்டாள். அடுப்பாகக் கொதித்தது.

"பிரிட்டா, ஒடம்பு இப்பிடிக் கொதிக்குதே."

"இல்லம்மா. நெத்தியத் தொட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கு."

லாரல் அந்த ஈர முகத்தைப் பார்த்தாள். "பனிய அள்ளி மூஞ்சில தேச்சுக்கிட்டு வந்தியா?"

பிரிட்டாவின் பற்கள் தந்தியடித்தன. "போன கிறிஸ்துமஸ்ல நீ போன்ல பேசிட்டிருந்த. நான் படியில ஒக்காந்திருந்தேன். அந்தப் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு, அதுக்குப் பதிலாத்தான் என்னயக் குடுத்தாங்கன்னு சொன்ன." மூச்சு வாங்கினாள். "எனக்குக் காய்ச்சல் இல்லம்மா. வேற பாப்பா கேட்டுடாத."

லாரல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாசியில் பின்கதவருகே நனைந்து கிடந்த காலணிகள், கோடையில் ஓயாமல் குழாயடியில் நனைந்த தலை, தூக்கம் வருது என்று ஏழு மணிக்கே படுத்த நாட்கள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அந்தக் கடிதத்தை எழுபது வீட்டிலும் ஏறி இறங்கிப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. டுவைட் டாக்டருக்குப் போன் செய்ய எழுந்தான். "இனிமேலாவது உள்ளதைச் சொல்லிடு லாரல்," என்றான்.

சொன்னாள். ஒன்றும் மறைக்கவில்லை.

"மூணாவது கோப்பை அவளுக்குத்தான?" என்று கேட்டாள் பிரிட்டா.

இதையும் பார்த்திருக்கிறாள். "ஆமா."

"அவ பேரு என்ன?"

லாரல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிரிட்டா."

பிரிட்டா கையிலிருந்த நட்சத்திரத்தைப் பார்த்தாள். "அவ வந்து கேட்டா பேரக் குடுத்துடுறேன். ஆனா வீட்ட விட்டுப் போக மாட்டேன்."

"நீ எதயும் குடுக்க வேணாம் கண்ணு. எத்தன காய்ச்சல் வந்தாலும் நீதான் எம் பொண்ணு. வேற யாரயும் கேக்க மாட்டேன். செத்தாலும் கேக்க மாட்டேன்." அழுதுகொண்டே அவளை மடியில் இழுத்துப் போர்த்தினாள்.

பிரிட்டா நட்சத்திரத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். படத்தின் முகம் மறைந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் காதருகே வந்து, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, தல வலிக்குது. நேத்துலேர்ந்தே வலிக்குது."